கூத்துப் பாட்டு காதுக்கு வருது, வசனம் மட்டும் ஏன் வரல? மூளையோட ரெண்டு பக்கமும் சத்தத்த பிரிச்சுக்கற விதம்

பேப்பருக்குள்ள மடிச்சு வச்சு வர்ற நோட்டீஸ்ல இந்தப் படத்த நீங்களும் பாத்திருப்பீங்க. ஒரு மூளைய நடுவுல கோடு போட்டு பிரிச்சு, இடது பக்கம் சாம்பல் கலர்ல கூட்டல் கழித்தல், வலது பக்கம் வானவில் கலர்ல வீணை, பிரஷ், மியூசிக் குறின்னு வரைஞ்சு, கீழ 'உங்கள் குழந்தையின் வலது மூளையைத் தூண்ட இன்றே சேருங்கள்'னு போன் நம்பரோட போட்டிருப்பாங்க. சத்துவாச்சாரியிலயும் இருக்கு, காட்பாடியிலயும் இருக்கு, ஆற்காடு பக்கம் போனா அங்கயும் ஏதோ ஒரு மாடியில இந்த கிளாஸ் ஓடிகினு இருக்கு. கண்ண கட்டிவிட்டு புக்கு படிக்க வைக்கறேன்னு சொல்ற கோஷ்டி தனி, அத இங்க இழுத்தா விஷயத்துக்கே வர முடியாது. ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இருக்கறது நெஜம்தான், அதுலயும் சத்தம் விஷயத்துல அது என்ன வித்தியாசம்னு நூத்தம்பது வருஷத்துக்கு மேல தோண்டி எடுத்திருக்காங்க, ஆனா கெடச்சது அந்தப் படத்துல இருக்கற மாதிரி இல்ல.

மொதல்ல ஒண்ண ஓரங்கட்டிடலாம். 'அவன் வலது மூளை ஆளு, அதான் பாடறான்'னு சொல்றதுக்கு ஆதாரம் கெடயாது. 2013ல அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்துல ஆயிரத்துக்கும் மேல பேரோட மூளை ஸ்கேன ஒண்ணா வச்சு அலசுனாங்க. சில வேலைக்கு இந்தப் பக்கம் தூக்கல், சில வேலைக்கு அந்தப் பக்கம் தூக்கல்னு இருக்கு, ஆனா ஒரு ஆளுக்கு மொத்தமா ஒரு பக்கம் தூக்கலா இருக்குன்னு சொல்ற மாதிரி எதுவும் சிக்கல. நோட்டீஸ் அடிக்கறவங்களுக்கு இந்த சேதி இன்னும் வந்து சேரல போல.

சரி, நெஜமா இருக்கற வித்தியாசத்துக்கு வருவோம். நம்ம ஊர் பெரியவங்களுக்கு ஸ்கேன் எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே ஒரு விஷயம் தெரியும், பக்கவாதம் வந்து சோத்துக்கை பக்கம் இழுத்துகிச்சுன்னா பேச்சும் சேந்து போயிடும், பீச்சாங்கை பக்கம் இழுத்தா பெரும்பாலும் பேச்சு தங்கும்னு. வலது கைகால ஆட்டுறது இடது மூளை, இது குறுக்கு வயரிங். அப்ப பேச்சும் இடது பக்கம்தான் இருக்கணும்னு கணக்கு வருது. இந்தக் கணக்க முதல்ல ஆதாரத்தோட போட்டவரு பிரான்ஸ் நாட்டு டாக்டர் பால் புரோக்கா. 1861ல அவர்கிட்ட வந்த ஒரு நோயாளியால 'டான்'ங்கற ஒரே ஒரு சத்தத்தத்தான் சொல்ல முடிஞ்சுது, எது கேட்டாலும் டான் டான்தான், ஆனா சொல்றது பெருசா புரிஞ்சுது. அவர் செத்ததும் மூளைய எடுத்து பாத்தா இடது பக்கம் முன்னாடி அடிபட்டிருந்துச்சு. அதே மாதிரி இன்னும் பல பேர பாத்துட்டு 1865ல, நாம இடது பக்க மூளையாலதான் பேசறோம்னு புரோக்கா எழுதிட்டாரு. 1874ல ஜெர்மனி டாக்டர் கார்ல் வெர்னிக்கே இன்னொரு பக்கத்த காட்டுனாரு. இடது காதுக்கு மேல கொஞ்சம் பின்னாடி தள்ளி மூளை அடிபட்டா ஆளு சரளமா பேசுவாரு, ஆனா பேசறதுல அர்த்தம் இருக்காது, அடுத்தவங்க பேசறதும் புரியாது. காது கேக்குது, சத்தம் உள்ள போகுது, வார்த்தையா மாறல.

இந்தக் கதையில வேலூருக்கும் ஓரமா ஒரு இடம் இருக்கு. இந்தியாவுலயே முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு 1949ல நம்ம சி.எம்.சி.யிலதான் ஆரம்பிச்சுது, ஆரம்பிச்சவரு டாக்டர் ஜேக்கப் சாண்டி. அவர் கனடாவுல மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்துல வைல்டர் பென்ஃபீல்டுகிட்ட பயிற்சி எடுத்தவரு. பென்ஃபீல்டு யாருன்னா, வலிப்பு நோயாளிகளோட மூளைய முழிச்சிருக்கும்போதே திறந்து, மெல்லிசா கரண்ட் வச்சு வச்சு எந்த இடத்துல என்ன இருக்குன்னு படம் போட்டவரு. பேச்சு இருக்கற இடத்த தெரியாம வெட்டிட்டா ஆளு பொழச்சும் ஊமையாயிடுவாரு, அந்த பயத்துலதான் பேச்சு எந்தப் பக்கம்ங்கற கேள்விய அங்க அவ்வளவு தீவிரமா துரத்துனாங்க. நாம இன்னிக்கு காதையும் மூளைப் பக்கத்தையும் சேத்து தெரிஞ்சு வச்சிருக்கறதுல பாதி, அதே மான்ட்ரியல் கட்டடத்துலருந்து வந்ததுதான்.

அங்க புழக்கத்துக்கு வந்த ஒரு டெஸ்ட்டு, ஜுன் வாடாங்கற டாக்டர் ஜப்பான்ல 1949ல கண்டுபிடிச்சது. கழுத்துல ஒரு பக்கம் மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல மயக்க மருந்து செலுத்துவாங்க, மூளையோட அந்தப் பாதி மட்டும் சில நிமிஷம் தூங்கிடும். ஒண்ணு ரெண்டு மூணு எண்ணிகினு இருக்கற ஆளுக்கு எண்ணிக்கை நடுவுல சட்டுனு நின்னு போச்சுன்னா பேச்சு அந்தப் பக்கம்தான். இப்படி நூத்துக்கணக்கான பேருக்கு பாத்ததுல சோத்துக்கை பழக்கம் உள்ளவங்கள்ல 96 சதவீதம் பேருக்கு பேச்சு இடது பக்கம் இருந்துச்சு, பீச்சாங்கை பழக்கம் உள்ளவங்கள்லயும் 70 சதவீதம் பேருக்கு இடது பக்கமேதான். இடது கை பழக்கம்னா எல்லாமே தலைகீழா இருக்கும்னு நெனைக்கறது அதனால தப்பு.

ஆனா இதெல்லாம் ஆபரேஷன் ரூம் சமாசாரம். நல்லா இருக்கற ஆளுக்கு மண்டைய தொடாம எப்படி பாக்கறது? இதுக்கு வழி காட்டுனது டோரீன் கிமுரா, 1961ல, அதே மான்ட்ரியல்ல. செஞ்சது ரொம்ப சிம்பிள். ஹெட்போன மாட்டிவிட்டு ஒரே நேரத்துல வலது காதுல ஒரு எண்ணு, இடது காதுல வேற எண்ணு, இப்படி சோடி சோடியா போட்டுட்டு, கேட்டத எல்லாம் சொல்லுங்கன்னாங்க. வலது காதுல விழுந்த எண்ணத்தான் ஜனங்க அதிகமா சரியா சொன்னாங்க. 1964ல எண்ணுக்கு பதிலா மெட்ட போட்டு பாத்தாங்க, இப்ப இடது காது ஜெயிச்சுது.

இது ஏன்னு புரியணும்னா காதுலருந்து மூளைக்கு போற ரூட்ட பாக்கணும். கை கால் மாதிரி காது சுத்தமா குறுக்கால போகாது, ஒவ்வொரு காதுலருந்தும் ரெண்டு பக்க மூளைக்கும் சேதி போகுது. காதுக்குள்ள இருக்கற நத்தை எலும்புலருந்து கெளம்பி மூளைத்தண்டுக்குள்ள நுழைஞ்ச கொஞ்ச நேரத்துலயே ரெண்டு காது சேதியும் கலக்க ஆரம்பிச்சுடும், சத்தம் எந்த திசையிலருந்து வருதுன்னு அங்கதான் கணக்கு போடுது, வலது காதுக்கும் இடது காதுக்கும் வந்து சேர்ற நேர வித்தியாசம் ஒரு மில்லி செகண்டுக்கும் கம்மி, அதையும் அது புடிச்சுடும். ஆனா குறுக்கால போற ரூட்டு கொஞ்சம் பலமானது. சாதாரணமா அது வெளிய தெரியாது. ரெண்டு காதுலயும் ஒரே நேரத்துல வேற வேற சத்தம் போட்டி போட்டுச்சுன்னாதான் பலமான ரூட்டு மத்தத அமுக்கும், வலது காது சேதி நேரா இடது மூளைக்கு, அதாவது பேச்சு இருக்கற வீட்டுக்கே போயிடும். இடது காது சேதி முதல்ல வலது மூளைக்குப் போயி, அங்கருந்து நடுவுல ரெண்டு பக்கத்தையும் இணைக்கற நரம்புக் கட்டு வழியா இடது பக்கம் வரணும்.

இது சும்மா ஊகம்தானேன்னு கேக்கலாம். வலிப்ப நிறுத்தறதுக்காக அந்த நடு இணைப்ப வெட்டுன சில பேருகிட்ட 1968ல இதே டெஸ்ட்ட செஞ்சாங்க. ஒரு காதுல மட்டும் போட்டா எந்தக் காதுல போட்டாலும் நல்லா சொன்னாங்க. ரெண்டு காதுலயும் சேத்து போட்டா இடது காதுல கேட்டது ஏறக்குறைய காணாமலே போச்சு. காது பழுதில்ல, பாலம்தான் இல்ல. இந்த மாதிரி இணைப்பு வெட்டுனவங்கள வச்சு செஞ்ச ஆராய்ச்சிக்குத்தான் ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981ல நோபல் கெடச்சுது.

இப்ப பேச்சுன்னா வலது காது இடது மூளை, பாட்டுன்னா இடது காது வலது மூளைன்னு முடிச்சுடலாமே? அப்படித்தான் ரொம்ப நாள் முடிச்சுகினு இருந்தாங்க, நோட்டீஸ் படமும் அங்கருந்து பொறந்ததுதான். இதுல எனக்கு ஆரம்பத்துலருந்தே ஒரு இடம் இடிச்சுகினே இருந்துச்சு. காதுக்குள்ள வர்றது வெறும் காத்தோட அதிர்வு, அதுல 'இது பேச்சு', 'இது பாட்டு'ன்னு லேபிள் ஒட்டி வர்றதில்ல. பிரிச்சு பாத்தாதான் அது பேச்சா பாட்டான்னே தெரியும், அப்ப பிரிக்கறதுக்கு முன்னாடியே எந்தப் பக்கம் அனுப்பறதுன்னு மூளைக்கு எப்படி தெரியும்? பாட்டுலயும் வார்த்தை இருக்கே, அத எந்தப் பக்கம் அனுப்பும்?

இதுக்கு இப்ப நெறைய பேரு ஒத்துக்கற பதில், ரெண்டு பக்கமும் எல்லா சத்தத்தையும் வாங்குது, ஆனா வேற வேற அளவுகோல வச்சு அளக்குது. மான்ட்ரியல்ல ராபர்ட் சடோரேவும் கூட இருந்தவங்களும் 2001, 2002 வாக்குல சொன்னது என்னன்னா, இடது பக்க காதுப் பகுதி, அதாவது மூளையில சத்தத்த வாங்கற இடம், நேரத்துல கூர்மை, சத்தம் எப்ப ஆரம்பிச்சு எப்ப நின்னுச்சுன்னு பொடிப்பொடியா பாக்கும், வலது பக்கம் சுருதியில கூர்மை, ரெண்டு சுரத்துக்கு நடுவுல இருக்கற சின்ன ஏத்த இறக்கத்த புடிக்கும். ரெண்டையும் ஒரே இடத்துல உச்சத்துல வச்சுக்க முடியாதான்னா, முடியாது, அது இயற்பியல். சுருதிய துல்லியமா அளக்கணும்னா அதிர்வு பல தடவ வந்து போற வரைக்கும் காத்திருக்கணும், காத்திருந்தா நேரம் கொழகொழன்னு ஆயிடும். போன்ல ராத்திரி போட்டோ எடுக்கும்போது வெளிச்சம் வேணும்னு ஷட்டர ரொம்ப நேரம் தொறந்து வச்சா ஓடற பஸ்ஸு கோடு கோடா இழுத்துகிச்சு வருமே, அதே சங்கடம்தான். ரெண்டும் வேணும்னா ரெண்டு கேமரா வேணும். டேவிட் பெப்பெல்ங்கறவரு 2003ல இதையே வேற மாதிரி சொன்னாரு, இடது பக்கம் 20லருந்து 40 மில்லி செகண்ட் அளவுல குட்டி குட்டி ஜன்னலா சத்தத்த நறுக்கிப் பாக்குது, வலது பக்கம் 150லருந்து 250 மில்லி செகண்ட் வரைக்கும் பெரிய ஜன்னலா பாக்குதுன்னு. எந்த விளக்கம் எவ்வளவு சரிங்கறதுல அவங்களுக்குள்ள இன்னும் வாக்குவாதம் ஓடிகினுதான் இருக்கு, ஆனா திசை ஒண்ணுதான்.

நம்ம பேச்ச வச்சே இத பாக்கலாம். 'படு'ன்னு சொல்லுங்க, 'பட்டு'ன்னு சொல்லுங்க. முதல்ல நாக்கு மேல ஒரு தட்டு தட்டிட்டு உடனே எறங்கிடுது, சில பத்து மில்லி செகண்ட்தான். ரெண்டாவதுல நாக்கு மேல ஒட்டி நிக்குது, அந்த நேரம் முழுக்க சத்தமே இல்ல, நூறு மில்லி செகண்டுக்கு மேல ஒரு குட்டி மௌனம். அந்த மௌனத்தோட நீளத்த வச்சுத்தான் தறியில நெய்யற பட்டா, பாயில படுக்கறதான்னு முடிவாகுது. கல்லு காலுன்னு எடுத்தாலும் அதேதான், உயிரெழுத்து எவ்வளவு நேரம் நிக்குதுங்கறது. நம்ம இலக்கணத்துல குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு, மெய்க்கு அரைன்னு நேரத்த வச்சே எழுத்த அளந்து வச்சிருக்காங்க, ஸ்கூல்ல அத மனப்பாடம் பண்ணும்போது இது காதோட சமாசாரம்னு யாரும் சொல்லித் தரல.

இப்ப 'ம்'னு மட்டும் சொல்லுங்க. சரி வரேன்ங்கறதுக்கு ஒரு ம், என்ன சொன்னேன்னு கேக்கறதுக்கு ஒரு ம், 'நீ சொல்லு, நான் நம்பிட்டேன்'ங்கற நக்கலுக்கு இழுத்து ஒரு ம், பொண்டாட்டி கோவத்துல சொல்ற ம் வேற. எழுத்து ஒண்ணு, வார்த்தை கெடயாது, ஆனா சுருதி மேல ஏறுதா கீழ எறங்குதா வளைஞ்சு போகுதான்னு பாத்தே முழு அர்த்தமும் வந்துடுது. இந்த வேலையில வலது பக்கம் தூக்கல். ஒரே பேச்சுக்குள்ளயே ரெண்டு பக்கத்துக்கும் வேலை இருக்குன்னு இதுலருந்தே தெரியுது, 'பேச்சு இடது'ங்கறது பாதி உண்மைதான்.

இத நம்ம பக்கம் பங்குனி சித்திரையிலருந்து ஆடி வரைக்கும் எந்த ஊர்லயும் கேக்கலாம். திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வச்சிருப்பாங்க, மத்தியானம் சொற்பொழிவு, ராத்திரி விடிய விடிய கூத்து. புளியமரத்துலயும் கரண்ட் கம்பத்துலயும் கோன் ஸ்பீக்கர நாலு திசைக்கும் கட்டிவிட்டிருப்பான் மைக் செட்டுக்காரன். வயல் தாண்டி பக்கத்து ஊர்ல மொட்டைமாடியில படுத்துகினு கேட்டா ஆர்மோனியம் கேக்கும், முகவீணை காத கிழிக்கும், துரியோதனன் வேஷக்காரர் உச்ச ஸ்தாயில எடுக்கற பாட்டோட ராகம் சுத்தமா வரும், கூடவே முணுமுணுக்கக்கூட முடியும். ஆனா என்ன பாடறாருன்னு கேட்டா ஒரு வார்த்தை புரியாது. பாட்டு நின்னு கட்டியங்காரன் பேச ஆரம்பிச்சான்னா சுத்தம், அங்க கூட்டம் சிரிக்கறது கேக்குது, எதுக்கு சிரிச்சாங்கன்னு நமக்கு தெரியாது. சத்தம் கம்மியா இருக்கறதுனாலன்னு தோணும், ஆனா அதே சத்தத்துலதானே ராகம் வருது. நடக்கறது என்னன்னா, நாலு ஸ்பீக்கர்லருந்தும் கெளம்புற சத்தம் நம்ம காதுக்கு வேற வேற நேரத்துல வந்து சேருது, அது போதாதுன்னு நம்ம வேலூர் சுத்துப்பட்டுல எங்க பாத்தாலும் மலை, அதுல மோதி திரும்பி வர்றது வேற. ஒண்ணுமேல ஒண்ணு ஏறி படிஞ்சதுல 'பட்டு'ல இருக்கற அந்த குட்டி மௌனம் நெரம்பிப் போச்சு, எழுத்துக்கு எழுத்து இருந்த வெட்டு மழுங்கிப் போச்சு. ஆனா நீளமா இழுத்துப் பாடற ஒரு சுரம் நாலு தடவ தாமதமா வந்தாலும் அதே சுரம்தான், சுருதிக்கு ஒண்ணும் ஆகல. நேரம் கெட்டுது, சுருதி நிக்குது. இடது பக்கத்துக்கு வேண்டிய தீனி பாழாச்சு, வலது பக்கத்துக்கு வேண்டியது வந்துடுச்சு.

இதே மாதிரி ஒண்ண லேப்ல சுத்தமா செஞ்சு 2020ல சயின்ஸ் பத்திரிகையில போட்டாங்க, பிலிப் அல்பூயி, சடோரே குழு. பத்து வாக்கியம், பத்து மெட்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒவ்வொரு மெட்டுலயும் பக்கவாத்தியம் இல்லாம பாட வச்சு நூறு பாட்டு தயார் பண்ணாங்க, இங்கிலீஷ்ல ஒரு செட்டு, பிரெஞ்சுல ஒரு செட்டு. இந்த ஐடியா எனக்கு ரொம்ப புடிச்சுது, ஏன்னா ஒரே பாட்டுக்குள்ள வார்த்தையும் மெட்டும் சேந்தே இருக்கு, எத வேணாலும் தனியா மாத்தலாம். அப்புறம் அந்தப் பாட்ட ரெண்டு விதமா கெடுத்தாங்க. நேர விவரத்த மழுக்கினா வார்த்தை போச்சு, மெட்டு நின்னுச்சு, கூத்து மாதிரியே. சுருதி விவரத்த மழுக்கினா மெட்டு போச்சு, வார்த்தை தெளிவா நின்னுச்சு. கேக்கும்போதே ஸ்கேன் எடுத்து பாத்தா, வார்த்தைய அடையாளம் காட்டற துடிப்பு இடது காதுப் பகுதியில இருந்துச்சு, நேரத்த மழுக்கினா அது குறைஞ்சுது. மெட்ட அடையாளம் காட்டற துடிப்பு வலது காதுப் பகுதியில இருந்துச்சு, சுருதிய மழுக்கினா அது குறைஞ்சுது.

இதுக்கு எலும்பும் சதையுமா ஆதாரம் இருக்கான்னா, இருக்கு, ஆனா ஜாக்கிரதையா எடுத்துக்கணும். 1968ல கெஷ்விண்ட், லெவிட்ஸ்கின்னு ரெண்டு பேரு செத்தவங்களோட நூறு மூளைய அளந்தாங்க, காதுப் பகுதிக்கு பின்னாடி இருக்கற ஒரு தளம் 65 மூளையில இடது பக்கம் பெருசு, 11ல வலது பக்கம் பெருசு, மீதி சமம். ஆகா பேச்சோட இடம் கெடச்சுதுன்னு எல்லாரும் துள்ளுனாங்க. 1998ல சிம்பன்சி மூளைகள அளந்தா 18ல 17க்கு அதே மாதிரி இடது பக்கம் பெருசா இருந்துச்சு. சிம்பன்சி நம்ம மாதிரி பேசாது. அதனால அந்த தளம் பெருசா இருக்கறது பேச்சுக்காகன்னு அடிச்சு சொல்ல முடியாது.

பழக்கமும் இதுல பூந்து வெளையாடுது. 1974ல பெவர், கியாரெல்லோ செஞ்ச ஒரு சோதனையில சங்கீதம் தெரியாதவங்க மெட்ட இடது காதுல நல்லா அடையாளம் கண்டாங்க, பயிற்சி எடுத்தவங்களுக்கு வலது காது ஜெயிச்சுது. சங்கீதம் படிச்சவங்க மெட்ட முழுசா ஒரு உருவமா கேக்காம துண்டு துண்டா பிரிச்சு கேக்கறாங்க, அதான்னு அவங்க விளக்கம். தாய்லாந்து மொழியில ஒரே எழுத்த சுருதி மாத்தி சொன்னா வார்த்தையே மாறிடும். 1973ல அந்த வார்த்தைகள ரெண்டு காது டெஸ்ட்ல போட்டா தாய்லாந்துக்காரங்களுக்கு வலது காது தூக்கல், இங்கிலீஷ்காரங்களுக்கு அப்படி இல்ல. அவங்களுக்கு சுருதியே வார்த்தைங்கறதுனால இடது பக்கம் அத இழுத்துகிச்சு. சும்மா சத்தத்தோட இயற்பியல் மட்டும் முடிவு பண்றதில்ல, அந்த சத்தம் நமக்கு எதுக்கு உதவுதுங்கறதும் முடிவு பண்ணுது. ஆக இது நடுவுல சுவரு எழுப்பி பாகப்பிரிவினை பண்ணுன வீடு கெடயாது.

குடியாத்தத்துல எங்க பெரியப்பா, தறி ஓட்டி கைலி நெஞ்சவரு, பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததும் பேச்சும் போச்சு. தண்ணி வேணும்னா சொம்ப காட்டுவாரு, 'த... த...'ன்னு வாய் தெணறும், கண்ணுல தண்ணி வரும். ஆனா வைகாசி கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு தெருவுல ஸ்பீக்கர் கட்டி அம்மன் பாட்டு போட்டா கூடவே பாடுவாரு, வார்த்தையோட, பிசகாம. பெரியம்மாவுக்கு அது புரியவே இல்ல, "ஏம்பா, தண்ணின்னு ஒரு வார்த்த வரல, பாட்டு மட்டும் இன்னா சரளமா வருது பாரு, என்கிட்ட பேசக்கூடாதுன்னே நடிக்கறாரா இந்த மனுஷன்?"னு என்கிட்ட கேட்டாங்க. நடிப்பு இல்ல பெரியம்மா, ரெண்டும் வேற வேற வழின்னு சொன்னா அவங்க நம்பல. இது உலகம் முழுக்க டாக்டருங்க பாத்திருக்கற விஷயம். ரஷ்யாவுல விசாரியன் ஷெபாலின்னு ஒரு இசையமைப்பாளர், 1959ல ரெண்டாவது தடவ பக்கவாதம் வந்து பேச்சும் புரிதலும் கெட்டுப் போச்சு, அதுக்கப்புறமும் இசை எழுதுனாரு, அஞ்சாவது சிம்பொனிய முடிச்சாரு.

இத வச்சு 1973ல அமெரிக்காவுல பாஸ்டன்ல ஒரு பேச்சுப் பயிற்சிய உருவாக்குனாங்க. 'தண்ணி வேணும்' மாதிரி தெனமும் தேவைப்படற சின்ன வாக்கியத்த ரெண்டே சுரத்துல பாட்டு மாதிரி இழுத்து சொல்ல வைக்கறது, அதோட நோயாளியோட இடது கைய ஒவ்வொரு அசைக்கும் மெல்ல தட்டறது, பழகப் பழக ராகத்த கொறைச்சு பேச்சா மாத்தறது. வலது மூளை வழியா பேச்சுக்கு ஒரு பக்கவாட்டு ரோடு போடறோம்ங்கறது அப்ப அவங்க நெனப்பு. பின்னாடி ஜெர்மனியில 2011ல செஞ்ச ஒரு ஆய்வுல, மெட்டவிட தாளமும், ஏற்கனவே மனப்பாடமா வாய்ல ஊறிப் போன வார்த்தைங்கறதும்தான் அதிகம் உதவுதுன்னு வந்துச்சு. எங்க பெரியப்பா பாடுனதும் அந்த ரகம்தான்னு நெனைக்கறேன், சின்ன வயசுலருந்து வருஷா வருஷம் கேட்ட பாட்டு, புதுசா ஒரு பாட்டு குடுத்திருந்தா வந்திருக்குமான்னு சந்தேகம். ஆனா இப்படி ஒரு பயிற்சி இருக்குன்னு வீட்டுல இருக்கறவங்களுக்கு தெரிஞ்சா பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்ககிட்ட கேக்கவாவது கேக்கலாம், அதுவும் சீக்கிரமா. நம்ம பக்கம் பாதி பேரு கைகாலுக்கு எண்ணெய் தேச்சு விடறதுலயே மாசத்த ஓட்டிடறாங்க, பேச்சுக்கும் பயிற்சி உண்டுங்கறதே காதுல விழறதில்ல.

இதவிட கவனிக்கப்படாதது எதிர்ப்பக்கம். பீச்சாங்கை பக்கம் இழுத்தவங்களுக்கு, அதாவது வலது மூளை அடிபட்டவங்களுக்கு, பேச்சு நல்லா இருக்கும், டாக்டர் கேட்டா பேரு ஊரு எல்லாம் சொல்லுவாங்க, 'நல்லவேளை பேச்சு போகல'ன்னு வீட்டுல நிம்மதியாயிடுவாங்க. கொஞ்ச நாள்ல புகார் ஆரம்பிக்கும், மனுஷன் கல்லு மாதிரி ஆயிட்டாரு, பேரன் பொறந்ததையும் பால் கணக்கையும் ஒரே மாதிரி சொல்றாரு, நாம கோவமா பேசனாலும் கிண்டலா பேசனாலும் அவருக்கு வித்தியாசம் தெரியலன்னு. 1981ல எலியட் ராஸ்ங்கற நரம்பியல் டாக்டர் இத விவரமா எழுதுனாரு, குரல்ல உணர்ச்சிய ஏத்தறதும் அடுத்தவங்க குரல்லருந்து உணர்ச்சிய படிக்கறதும் வலது பக்கம் அடிபட்டா கெடும், இடது பக்கத்துல பேச்சுக்கு நடக்கறதுக்கு இது ஏறக்குறைய கண்ணாடி பிம்பம்னு. தெரிஞ்சவங்க குரல அடையாளம் கண்டுபிடிக்கறதுலயும் வலது பக்கம் பெரிய பங்கு எடுக்குது. இது திமிரோ மனசு மாறிப் போனதோ கெடயாது, காதுப் பகுதியும் அதச் சுத்தியும் பட்ட அடி. வீட்டுல இருக்கறவங்க இத தெரிஞ்சுகிட்டா பாதி சண்டை கொறையும், 'நான் கோவமா இருக்கேன்'னு வார்த்தையாலயே சொல்லிட்டா அவருக்குப் புரியும், வார்த்தை பக்கம் நல்லாத்தானே இருக்கு.

குழந்தைங்க விஷயம் வேற. மூணு மாச குழந்தைக்கு பேச்ச போட்டு ஸ்கேன் எடுத்தாலே இடது பக்கம் தூக்கலா இருக்கறத 2002ல காட்டிட்டாங்க, அப்ப பிறவியிலயே ஒரு சாய்வு இருக்கு. ஆனா அது கல்வெட்டு கெடயாது. கடுமையான வலிப்புக்காக சின்ன வயசுலயே இடது பாதி மூளைய எடுத்துட்ட குழந்தைங்க பல பேரு வலது பாதிய வச்சே பேசக் கத்துக்கறாங்க. பெரியவங்களுக்கு அந்த சலுகை இல்ல, வயசு ஏற ஏற வேலைங்க அந்தந்த இடத்துல வேர் புடிச்சுடுது.

கடைசியா, வயசானவங்க இருக்கற வீட்டுக்கு. ரெண்டு காது டெஸ்ட்ட வயசானவங்களுக்கு செஞ்சா வலது காதுக்கும் இடது காதுக்கும் இருக்கற இடைவெளி இளவட்டத்தவிட அதிகமா வருது, நடு இணைப்பு வழியா சேதி கடக்கறது மெதுவாகறது இதுக்கு ஒரு காரணம்னு சொல்றாங்க. தனியா உக்காந்து பேசனா தாத்தாவுக்கு நல்லா கேக்கும், கல்யாண மண்டபத்துல நாலு பேரு பேசற எடத்துல 'இன்னா சொன்ன, இன்னா சொன்ன'ம்பாரு, வேணும்னே காது கேக்காத மாதிரி பண்றாருன்னு நாம நெனைப்போம். அதுக்காக வலது காதுலதான் பேசணும்னு கெடயாது, அமைதியான எடத்துல காது வித்தியாசம் ஒண்ணுமே இல்ல, காது மெஷின் எந்தக் காதுக்கு வைக்கறதுங்கறது காது டெஸ்ட் ரிப்போர்ட்ட பாத்து அத பாக்கறவங்க முடிவு பண்ண வேண்டியது. நம்மளால முடிஞ்சது வேற, சீரியல் ஓடிகினு இருக்கும்போது அடுப்படியிலருந்து கத்தாம, டிவிய நிறுத்திட்டு, எதிர்ல வந்து உக்காந்து, வார்த்தைக்கு வார்த்தை கொஞ்சம் இடம் விட்டு பேசறது. சத்தத்த ஏத்தறதால பெருசா லாபம் இல்ல, அவருக்கு வேண்டியது எழுத்துக்கு எழுத்து நடுவுல இருக்கற அந்த வெட்டு.